இருதயத்தின் வலப்பக்கத்தில் தோன்றும் கட்டிகள்

தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு நாள் முழுதும் மிதி மிதிக்கும் நெசவாளருக்கு மாலையில் பாதம் சற்று வீங்குவது புதிதன்று. நள்ளிரவில் மடை மாற்றிச் சேற்றில் நின்று நீர் பாய்ச்சும் குடியானவருக்கும் அவ்வாறே. இரவு படுத்து எழுந்தால் வீக்கம் வடிந்துவிடுகிறது. ஆதலின் அதனை எவரும் நோயென்று கருதுவதில்லை. ஆனால் காலையில் எழுந்த பின்னும் வடியாத வீக்கமாயின், அது கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி ஏறுமாயின், அதனோடு வயிறும் உப்புமாயின், அது வேறு செய்தி. அத்தகைய வீக்கத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிக அரிதான ஒன்றை, ஆயின் கண்டறிந்தால் பெரும்பாலும் முற்றிலும் நீக்கத்தக்க ஒன்றை, இங்கே எடுத்துக்கொண்டோம். அது இருதயத்தின் வலப்பக்க அறைகளில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி.

"இத்தனை அரிதான நோயைப் பற்றி நமது மாத இதழில் எழுதுவானேன்?" என்று அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் வைத்தியரல்லோம், சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது நமது வேலை. ஆயினும், தவணை தவறிய கடன்களின் காரணத்தை விசாரித்துச் சென்றால், மழை பொய்த்ததும் நூல் கிடைக்காததும் ஒருபுறமிருக்க, வீட்டில் உழைப்பவர் ஒருவர் மாதக்கணக்கில் படுத்துவிட்டதே காரணமாயிருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறோம். அவ்வாறு படுத்தவர்களுள் சிலர், தமக்கு இன்ன நோய் என்று அறியாமலே மூன்று நான்கு இடங்களில் மருந்துண்டவர்கள். மேலும், இந்தக் கட்டியை வெளிப்படுத்தும் அதே சோதனை, இதனினும் பன்மடங்கு மிகுதியாக நம்மிடையே காணப்படும் வேறு இருதய நோய்களையும் வெளிப்படுத்திவிடுகிறது. அரிய ஒன்றைத் தேடப் போய் அடிக்கடி நேரும் ஒன்றைக் கண்டுகொள்வது நஷ்டமான வியாபாரமன்று.

மதகும் வாய்க்காலும்

இருதயத்திற்கு அறைகள் நான்கு. வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு. உடலெங்கும் ஓடி, தன்னிடமிருந்த பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுக் கறுத்துத் திரும்பும் இரத்தம், இரு பெரும் நாளங்களின் வழியே வலது மேலறையில் வந்து சேருகிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வருவது ஒரு நாளத்தில். வயிறு, கல்லீரல், கால்கள் ஆகியவற்றிலிருந்து வருவது மற்றொன்றில். மேலறையை ஒரு குட்டை என்று கொண்டால், அதற்கும் கீழறைக்கும் இடையே மூன்று இதழ்களையுடைய வால்வு ஒன்று மதகுபோல் அமைந்திருக்கிறது. கீழறை அந்த இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ள, அங்கே அது சுத்தமாகி இடப்பக்கம் வந்து, மறுபடியும் உடலுக்குச் செல்கிறது.

இனி, தாராபுரத்து அன்பர்களுக்கு நன்கு தெரிந்த காட்சி ஒன்றைச் சொல்லுவோம். அமராவதியிலிருந்து பிரியும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து மதகில் அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? மதகுக்குக் கீழே வயல் காய்கிறது; மதகுக்கு மேலே கரை வழிகிறது. வலது மேலறையில் ஒரு கட்டி வளர்ந்து அந்த மூவிதழ் வால்வின் வாயை அடைக்கும்போது நேர்வதும் இதுவே. கீழே, அதாவது நுரையீரலுக்கும் அதன் வழியாக மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் செல்லவேண்டிய இரத்தம் குறைகிறது. ஆகவே களைப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவை தோன்றுகின்றன. மேலே, நாளங்களில் இரத்தம் தேங்குகிறது. ஆகவே உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன, கல்லீரல் பெருத்து வலது விலாவின் கீழே கனமும் வலியும் உண்டாகின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது. வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து நிற்கும்.

ஆகாயத்தாமரையோடு இக்கட்டிக்கு மற்றோர் ஒற்றுமையும் உண்டு. மிதக்கும் பொருளாதலின் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. கட்டி பெரும்பாலும் ஒரு காம்பினால் இருதயத்தின் நடுச்சுவரில் ஒட்டிக்கொண்டு, பந்தலிலிருந்து தொங்கும் சுரைக்காயைப்போல் இருதயத் துடிப்புக்குத் தக்கவாறு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆகையால் உடம்பின் நிலைக்கேற்ப நோயும் மாறுகிறது. குனிந்து எழும்போது கண் இருண்டு வந்தவர், ஒருக்களித்துப் படுத்ததும் தெளிவடைவார். ஒரு நாள் நன்றாயிருப்பார். மறுநாள் பாவு ஓட்ட எழுந்தவர் நின்ற இடத்திலேயே சாய்வார். வீட்டார் இதனைப் பித்தமென்றும் வெயிலென்றும் சொல்லுவர். வைத்தியரிடம் செல்பவர், எந்த நிலையில் தொல்லை மிகுகிறது, எந்த நிலையில் குறைகிறது என்பதைத் தவறாமல் சொல்லவேண்டும். இது அற்பமான விவரம்போல் தோன்றினும், வைத்தியருக்கு அதுவே பெரிய தடயமாகும்.

கட்டியின் இயல்பு

இருதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிகக் குறைவு. பிரேத பரிசோதனைகளைக் கொண்டு கூறப்படும் கணக்கு, பதினாயிரம் பேருக்கு ஏறக்குறைய இருவர் என்பதாகும். அக்கட்டிகளுள் நான்கில் மூன்று பங்கு புற்றுநோய் அல்லாதவை. பெரியவர்களிடம் இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது மிக்ஸோமா என்பது. இதில் நூற்றுக்குச் சுமார் 75 இருதயத்தின் இடது மேலறையிலும், 15 முதல் 20 வரை வலது மேலறையிலும் தோன்றுகின்றன. முப்பது வயதிலிருந்து அறுபது வயதிற்குட்பட்டவர்களே, அதாவது குடும்பத்தைத் தாங்கும் வயதினரே, இதற்குப் பெரும்பாலும் உள்ளாகிறவர்கள். அவர்களுள்ளும் பெண்கள் மிகுதி. கட்டியின் உடல் பல வேளைகளில் நுங்கைப்போல் வழுவழுப்பாகவும் எளிதில் பிய்வதாகவும் இருக்கும். எலுமிச்சம்பழ அளவு முதல் கோழிமுட்டை அளவும் அதற்கு மேலும் இருக்கலாம்.

வலப்பக்கத்தில் வேறு வகைகளும் வருவதுண்டு. கொழுப்பினாலான கட்டி ஒன்று. வால்வின் இதழில் பூப்போல் விரியும் சிறு கட்டி மற்றொன்று. குழந்தைகளிடம் காணப்படும் ராப்டோமயோமா என்னும் தசைக்கட்டி பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே சுருங்கிவிடுகிறது.

'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதுமே புற்றுநோய் என்று அஞ்சி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. மிக்ஸோமா புற்றுநோயைப்போல் சுற்றியுள்ள தசையை அரித்துப் பரவுவதன்று. அதன் தீங்கு அதன் குணத்தினால் அன்று, இருக்கும் இடத்தினால் விளைவது. நல்ல மனிதரேயாயினும் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டால் வீட்டார் எவ்வாறு உள்ளே போவது? வழியை அடைப்பது ஓர் அபாயம்; பிய்ந்து செல்வது மற்றோர் அபாயம். இடப்பக்கத்துக் கட்டியின் துணுக்கு பிய்ந்தால் இரத்தத்தோடு மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாக்கக்கூடும். வலப்பக்கத்துக் கட்டியின் துணுக்கு நுரையீரலுக்குச் சென்று நாளத்தை அடைத்துக்கொள்ளும். திடீரென மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், சில வேளைகளில் இருமலில் இரத்தம் வரும். இருமலில் இரத்தம் என்றால் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது காசநோயே. காசநோய்ச் சோதனை அவசியந்தான். அதில் ஒன்றும் காணப்படாவிடில் அத்துடன் நின்றுவிடலாகாது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

இவை போதாவென்று, இக்கட்டி உடம்பு முழுவதையும் சார்ந்த குறிகளையும் காட்டும். விடாத இளங்காய்ச்சல், உடல் மெலிவு, மூட்டு வலி, இரத்தச் சோகை ஆகியவை தோன்றலாம். கட்டியே சில பொருள்களைச் சுரப்பதால் இவ்வாறு நேர்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, எவ்விதக் குறியும் இன்றி, வேறு எதற்கோ சோதனை செய்தபோது தற்செயலாக அகப்பட்ட கட்டிகளும் உண்டு.

ஏன் தப்பிவிடுகிறது?

கால் வீக்கமும் வயிற்றில் நீரும் உள்ளவரைக் கண்டால் முதலில் கல்லீரலையும், பிறகு சிறுநீரகத்தையும் சந்தேகிப்பது இயல்பு. குடிப்பழக்கம் உள்ளவராயின் கேட்கவே வேண்டியதில்லை. ஊரே நோயின் பெயரைச் சொல்லிவிடும். இருதயம் என்று எண்ணுகிறவர்களும், நம் நாட்டில் மிகுதியாக உள்ள கீல்வாதக் காய்ச்சலால் வரும் வால்வுக் கோளாற்றையோ, காசநோயினால் இருதயத்தின் மேலுறை தடித்து இறுகுவதையோதான் முதலில் கருதுவர். இவை யாவும் வலப்பக்கக் கட்டியின் சாயலையே உடையவை.

இவ்விடத்தில் நீர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் இம்மாத்திரை நல்ல மருந்தே. ஆனால் அது கரை வழிவதைக் குறைக்குமேயன்றி மதகின் அடைப்பை நீக்காது. மாத்திரை உண்ட நான்கு நாளில் வீக்கம் வடிந்ததும் நோயாளி மகிழ்ந்து தறியில் உட்கார்ந்துவிடுகிறார். காரணத்தைத் தேடும் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. வீக்கம் மீண்டும் வந்தால், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொள்கிறார். இவ்வாறு ஓராண்டு, ஈராண்டு கழிவதுண்டு. வைத்தியர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவேண்டியதில்லை, ஆனால் "வீக்கம் எதனால் வந்தது?" என்று அவரிடம் கேட்டு விடையறியாமல் அமையவும் கூடாது.

ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள் என்று சொல்வோர் பலர். ஈ.சி.ஜி. இருதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுவது. அறைக்குள் கட்டி இருப்பதை அது நேராகக் காட்டாது. ரொக்கப் புத்தகம் சரியாக இருப்பதால் சரக்கு இருப்பும் சரியென்று எந்தத் தணிக்கையாளரும் எழுதிவிடமாட்டார். கிடங்கைத் திறந்து பார்க்கவேண்டும். இருதயத்தின் கிடங்கைத் திறக்காமலே உள்ளே பார்க்க உதவுவது எக்கோ என்னும் ஒலியலைச் சோதனை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் இதுவும் ஒரே வகை. ஊசி இல்லை, கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. கட்டி இருக்குமாயின் அதன் அளவு, காம்பு, ஆட்டம் ஆகிய யாவும் திரையில் தெரியும். மேலும் தெளிவு வேண்டின், உணவுக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் எக்கோவும், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களும் உள்ளன. வலது மேலறையில் காண்பதெல்லாம் மிக்ஸோமா ஆகிவிடாது. உறைந்த இரத்தமும் அவ்வாறே தோன்றும். கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ உள்ள புற்றுநோய் பெருநாளத்தின் வழியே ஏறி மேலறைக்குள் தலைநீட்டுவதும் உண்டு. ஆகையால் இவற்றைப் பிரித்தறிவது நிபுணர் வேலை.

இந்த எக்கோ பிறந்த கதை சுவையானது. 1953-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், இங்கே எட்லர் என்னும் வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும் சேர்ந்து, கப்பல் கட்டும் துறையில் உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறிய வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி இருதயத்தின்மேல் வைத்துப் பார்த்தனர். 1959-ஆம் ஆண்டிலேயே அம்முறையால் இருதய மேலறைக் கட்டி ஒன்று ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னெல்லாம் இக்கட்டிகள் பெரும்பாலும் இறந்த பிறகே வெளிப்பட்டன.

கட்டியை நீக்குதல்

மருந்தினால் மிக்ஸோமா கரைவதில்லை. ரண சிகிச்சை ஒன்றே வழி. அதுவும் கண்டறிந்த பின் காலம் தாழ்த்தாமல் செய்யவேண்டும். ஏனெனில் துணுக்கு எப்போது பியும், காம்பு எப்போது வழியை அடைத்து நிற்கும் என்று எவராலும் கூறமுடியாது. தை பிறக்கட்டும், அறுவடை முடியட்டும், முகூர்த்தச் சேலைக்குப் பெற்ற முன்பணம் தீரட்டும் என்று ஒத்திப்போடும் வழக்கம் இந்நோய்க்கு ஒவ்வாது.

அமெரிக்காவில் ஹென்றி பான்ஸன் என்னும் ரண சிகிச்சை நிபுணர், வலது மேலறையிலிருந்த பெரிய கட்டி ஒன்றை, இருதயத்திற்கு வரும் நாளங்களைச் சிறிது நேரம் அடைத்துவைத்து அகற்றினார். நோயாளி சில வாரங்களில் இறந்துபோனார். 1953 மே மாதத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இருதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றி கண்டார். அடுத்த ஆண்டு, 1954 ஜூலையில், ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் க்ராஃபூர்ட் அத்தகைய இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்மணியின் இடது மேலறைக் கட்டியை அகற்றினார், அப்பெண்மணி பிழைத்தார். அதிலிருந்து இம்முறையே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நம் மாகாணத்திற்கும் அது விரைவில் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ஆம் ஆண்டில் ரீவ் பெட்ஸ் மார்பு ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1960-க்குப் பின் வந்த முதலாண்டுகளிலேயே அங்கு டாக்டர் கோபிநாத் திறந்த இருதய ரண சிகிச்சை செய்தார். இன்று கோவை, மதுரை, சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருதய ரண சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. தாராபுரத்திலிருந்து கோவை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரந்தான்.

சிகிச்சையின்போது மார்பின் நடு எலும்பைப் பிரித்து, இரத்த ஓட்டத்தை இயந்திரத்திற்கு மாற்றி, இருதயத்தை நிறுத்தி வைத்து, மேலறையைத் திறக்கிறார்கள். வலப்பக்கக் கட்டியில் ஒரு தனிச் சிரமம் உண்டு. இயந்திரத்தின் குழாய்களைச் செலுத்தவேண்டிய இடமும் அந்த வலது மேலறையின் பக்கமே. குழாய் பட்டுக் கட்டி பிய்ந்துவிடாதபடி மிகுந்த கவனம் வேண்டும். கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் போதாது. களையை வேரோடு பிடுங்குவதுபோல், காம்பு ஒட்டியிருந்த சுவர்ப்பகுதியையும் சேர்த்து வெட்டி, அவ்விடத்தை நோயாளியின் இருதய மேலுறைத் துண்டினாலோ வேறு பொருளினாலோ தைத்து மூடுகிறார்கள். எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் சோதித்த பின்னரே அதன் வகை உறுதியாகிறது. இச்சிகிச்சையில் அபாயமே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. ஆனால் தேர்ந்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் பிழைத்து வீடு திரும்புகின்றனர்.

செலவு

ஏழை நெசவாளர் இதனைத் தாங்குவதெங்ஙனம்? 2005-ஆம் ஆண்டை ஒட்டி மத்திய சர்க்கார் கைத்தறி நெசவாளர்க்கெனத் தனி உடல்நலக் காப்பீடு ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தியது. அதில் குடும்பத்திற்கு ஆண்டு வரம்பு 15,000 ரூபாய். இருதய ரண சிகிச்சைக்கு அது எம்மாத்திரம்? இன்று தமிழ்நாட்டில் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. இருதய ரண சிகிச்சைகளும் அதில் அடங்கும். குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்றும் கொண்டு பதிவு செய்துகொள்ளவேண்டும். நோய் வந்த பின் ஓடுவதைவிட இப்போதே அட்டையைப் பெற்றுவைப்பது நன்று. மகனுக்கு மணமானபின் மருமகளின் பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்படாமலே ஆண்டுகள் பல ஓடியிருப்பதைச் சங்கங்களில் அடிக்கடி பார்க்கிறோம். இந்நோய் பெண்களுக்கே மிகுதி என்று முன்னர்க் கூறியதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ளுக. பெயர் விடுபட்டவர் எவரேனும் உண்டா என்று ஒவ்வொரு அங்கத்தினரும் இன்றே தம் அட்டையை எடுத்துப் பார்க்கலாம். சங்கக் காரியதரிசிகள் இதற்கு உதவுதல் தகும்.

கூட்டுறவே இவ்வேலையை ஏற்ற உதாரணம் அண்டை நாட்டில் உள்ளது. கர்நாடகத்தில் 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த யசஸ்வினி திட்டத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் தலைக்கு ஆண்டொன்றுக்கு 60 ரூபாய் செலுத்தி ரண சிகிச்சை வசதி பெற்றனர். பெங்களூர் இருதய நிபுணர் டாக்டர் தேவி செட்டியின் யோசனையில் எழுந்த அத்திட்டத்திற்குச் சந்தா திரட்டியவை கிராமச் சங்கங்களே. 2018-ல் அது வேறொரு சர்க்கார் திட்டத்தில் இணைக்கப்பட்டு, 2022-ல் மறுபடியும் தொடங்கப்பட்டது. மாதம் ஐந்து ரூபாய் வீதம் பல லட்சம் பேர் சேர்ந்தால் ஒருவர் மார்பைத் திறக்கும் செலவு ஈடாகிறது என்ற கணக்கு, நம் மகாசபைக் கூட்டங்களில் எடுத்துப் பேசத்தக்கதென்பது நமது அபிப்பிராயம்.

சிகிச்சை முடிந்தவர் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் பிரித்த மார்பெலும்பு சேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை நாடாக் கயிற்றை இழுப்பதும், பாவு உருளையைத் தூக்குவதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும், மண்வெட்டி பிடிப்பதும் கூடா. பின்னர் எப்பொழுது தறியில் உட்காரலாம் என்பதைச் சிகிச்சை செய்தவரிடமே கேட்டறிக. கட்டி மறுபடி வருவது அரிது; நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை என்பர். எனினும் ஆண்டுதோறும் ஒரு முறை எக்கோ பார்த்துக்கொள்வது நன்று. குடும்பத்தில் வேறொருவருக்கும் இக்கட்டி வந்திருந்தால், அல்லது நோயாளி வயதில் மிக இளையவராயிருந்து முகத்திலும் உதட்டிலும் கரும்புள்ளிகள் மிகுந்திருந்தால், கார்னி என்னும் அமெரிக்க வைத்தியர் 1985-ல் விவரித்த பரம்பரை வகையாக அது இருக்கலாம். அவ்வகையில் கட்டி மீண்டும் வருவது மிகுதி. அத்தகையோரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரும், உடம்பில் ஒரு குறியும் இல்லாவிடினும், ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்ளவேண்டும்.